கவிழ்ந்து கிடந்த மங்குகள்

"வள்ளியம்மா ஜெயிச்சிட்டா!"

வள்ளியம்மாவின் தோழி ரோசரி போட்ட கூச்சலில் சங்கக் கட்டடமே அதிர்ந்தது. எட்டு வருஷமாக நாற்காலியை விடாத அப்பளசாமி அவுட். புக்கிட் லாடா தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைக்கு, பால்வெட்டும் பெண் ஒருத்தி தலைவி! இந்தக் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இப்படி ஒன்று நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்; கொட்டு முழங்கியது. ஆட்டம் தொடங்கியது.

காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்து, மரத்தில் பொருத்திய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டி நிறையும் வரை எல்லோரும் பசியாறும் நேரம் அது. அந்த இடைவெளியில் ஓட்டெடுப்பை வைத்துக்கொள்ள, தோட்டத்தை நடத்தும் துரை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "கொண்டாட்டத்துல பால் வீணாச்சுன்னா, இனிமே வேலை நேரத்துல சங்கக் கூட்டமே கிடையாது."

அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம்?

அப்பளசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வள்ளியம்மாவுக்குக் கைகொடுத்தார். "நல்லா செய்யும்மா" என்றவர், கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "ஒரு வார்த்தை…"

"உங்க பேச்செல்லாம் முடிஞ்சு போச்சு அண்ணே. போய் ஓய்வெடுங்க லா!" என்றாள் ரோசரி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பளசாமி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"பாரு, கடவுள்கிட்ட முறையிடறாரு!"

இன்னொரு சிரிப்பலை. அவர் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். அவருடைய ஆட்கள் ஒருவர் விடாமல் அவர் பின்னால் போனார்கள்.

"ஓடறாங்க பாருங்க! தோத்ததைத் தாங்க முடியல. போட்டிச் சங்கம் ஆரம்பிப்பாங்க, எழுதி வச்சுக்குங்க" என்றாள் ரோசரி.

வள்ளியம்மா சிரிக்கவில்லை. "தோத்தவங்களுக்கு உதவித் தலைவர் பதவி கொடுக்கறதுதானே நம்ம வழக்கம் ரோசரி?"

"வழக்கமாவது ஒண்ணாவது! கைகொடுத்துட்டு ஓடறவருக்குப் பதவியா? அந்தக் கட்சி இன்னையோட ஒழிஞ்சுது. உதவித் தலைவர் பதவியை எனக்குக் கொடு, நான் பாத்துக்கறேன்."

நாலு பேர் கைதட்டினார்கள். வள்ளியம்மா அரைமனதாகத் தலையாட்டினாள்.

மாலையும் கழுத்துமாகத் தலைவியை நடுவில் விட்டு, ஊர்வலம் தொழிலாளர் குடியிருப்பை லயம் லயமாகச் சுற்றியது. அப்பளசாமியின் வீட்டு முன்னால் மட்டும் கொட்டுக்காரர்கள் வேண்டுமென்றே நின்று வாசித்தார்கள். கதவு பூட்டியிருந்தது. ரோசரிக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். தொண்டை கிழிய "ஒழிக!" போட்டாள்.

மூன்றாவது லயம் திரும்பும்போது அவள் மூக்கு நுனியில் ஒரு மழைச் சொட்டு விழுந்தது.

"மாதாவே! பால்!"

கொட்டு அப்படியே நின்றது. மழைத் தண்ணீர் கலந்தால் மங்குப் பால் அத்தனையும் வீண். அத்தனை பேரும் ரப்பர் காட்டைப் பார்த்து ஓடினார்கள். மழை அவர்களை முந்திக்கொண்டு கொட்டியது. ஓடுகிற ஓட்டத்தில் ரோசரிக்குத் துரையின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. தலைவியான முதல் நாளே வள்ளியம்மாவின் மானம் போகப் போகிறது. அதுவும் தன் ஆட்டத்தால்.

மூச்சிரைக்கத் தன் மரத்தடியில் போய் நின்றவள் திகைத்தாள்.

மங்கு கவிழ்ந்து கிடந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அவள் மரங்கள் நின்ற நிரை முழுக்க அப்படியே. பாலை வாளியில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள்.

"என் பாலை யாரோ எடுத்துட்டாங்க!"

பக்கத்து நிரையிலிருந்து வள்ளியம்மாவின் குரல் கேட்டது. "என்னுதும் இல்லடி!"

ரோசரிக்குப் பொறி தட்டியது. "அவருதான்! ஓட்டுல தோத்தவரு பால்ல கை வச்சிட்டாரு. வாங்கடி!"

நனைந்த கூட்டம் பால் நிறுக்கும் கொட்டகைக்குள் புகுந்தது. சொன்னது சரிதான். அப்பளசாமியும் அவர் ஆட்களும் சொட்டச் சொட்ட நின்றிருந்தார்கள். பக்கத்தில் வரிசை வரிசையாகப் பால் வாளிகள்.

"திருடன்!" என்று கத்தினாள் ரோசரி.

தராசடியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி தம்பிராஜா திரும்பினார். "ஏன் பிள்ளை கத்துறாய்? உன்ர பாலை இப்பத்தான் உன்ர பேரில நிறுத்தனான். வள்ளியம்மான்ர பாலும் நிறுத்தாச்சு."

ரோசரி வாளிகளை எட்டிப் பார்த்தாள்.

"மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சும்மா. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் அப்பளசாமி. "நீங்க சந்தோஷத்துல இருந்தீங்க. நாங்க தோத்தவங்கதானே, எங்களுக்கு என்ன வேலை?"

வள்ளியம்மா தன் கழுத்து மாலையைக் கழற்றப் போனாள். அவர் தடுத்தார். "போட்டுக்க தாயி. இது நம்ம சங்கத்துக்குப் போட்ட மாலை."

கிராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சரி அப்பளசாமி, இனி உங்கட ஆக்களின்ர பாலைக் கொண்டாரும்."

யாரும் அசையவில்லை.

"எங்க காட்டுக்குப் போறதுக்குள்ள மழை முந்திக்கிச்சு ஐயா" என்றார் அப்பளசாமி. "தோத்த கவலையில நாங்கதான் மரத்துப் பக்கமே போகலைன்னு, வர்ற வழியில பாத்த துரைகிட்ட சொல்லிட்டேன். திட்டு எங்களோட போச்சு. கொண்டாட்டத்து மேல பழி வரல."

ரோசரி அவர் காலடியில் தேங்கியிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு, காலையிலிருந்து "ஒழிக" போட்டுக் கம்மிப்போன அதே தொண்டையைத் திரட்டிக்கொண்டு கத்தினாள்:

"நம்ம உதவித் தலைவர் அப்பளசாமி…"

"வாழ்க!" என்ற கோஷத்தில் மழைச் சத்தம் காணாமல் போனது.