பூட்டிய அறையின் வெப்பம்

சோதனைச் சாவடிப் பொலிஸ்காரி கைப்பையைக் கவிழ்த்ததும் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி மேசையில் விழுந்தது. அதன் நுனியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பொலிஸ்காரி இரண்டடி பின்வாங்கினாள்.

"மேக்க மொகத்த?" இது என்னவென்று கேட்டாள்.

"வெப்பம் பதியிற மெஷின், மிஸ்," என்று படவரைஞரான ஜெகதீஸ்வரி சிங்களத்தில் சொல்லிப் பயிற்சிக் கடிதத்தை நீட்டினாள். காலநிலை மாற்றமும் கட்டடங்களும் என்று தலைப்பு. கட்டடக் கலைஞர்கள், பொறியியலாளர்கள், படவரைஞர்களுக்கு ஆறு சனிக்கிழமை வகுப்பு. கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் விட்டார்கள்.

வெள்ளவத்தையில் அவளும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு இரண்டே அறை. பாவிக்கும் அறையில் ஒரு கிழமை, பூட்டிக் கிடக்கும் அறையில் ஒரு கிழமை கருவியைத் தொங்கவிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் கம்பனி அவளை நிரந்தரமாக்காது. வெப்பத்தைத்தானே எழுதப்போகிறது என்று அவளும் தொங்கவிட்டாள்.

பம்பலப்பிட்டி மண்டபத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் அது வேறொன்றையும் எழுதும் என்று தெரிந்தது.

"சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டை வெளிவிடுகிறான்," என்று பாடத்தைத் தொடங்கினார் நஸீறா. கொழும்பில் பெயரெடுத்த கட்டடக் கலைஞர் அவர், கறார் பேர்வழி. "ஒரு அறையில் எத்தனை பேர் என்பதைக் கூட இந்தக் கருவி வரையும் கோடு சொல்லிவிடும்."

ஜெகதீஸ்வரி கருவியைப் பைக்குள் தள்ளினாள். வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் நஸீறா கையை நீட்டிவிட்டார்.

திரையில் கோடு விழுந்தது. பொலிஸ் குடியிருப்புகள் கட்டும் பிரிவிலிருந்து வந்திருந்த பொறியியலாளர் குணதாச கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பூட்டிய அறை என்கிறீர்கள். அப்படியென்றால் இரவில் ஆறவேண்டுமே? இது ஏன் ஆறவில்லை?"

நஸீறா திரைக்குக் கிட்டப் போய்க் கோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார்.

"பிழையான சுவரில் மாட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குசினி. அடுப்புச் சூட்டை அளந்துகொண்டு வந்திருக்கிறார். ஐந்து வாரம் படித்த லட்சணம் இதுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு உறைக்கவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் குசினி எதுவும் இல்லை. ரயில் பாதையும் கடலும்தான். அவளுடைய வீட்டு வரைபடத்தைப் போன சனிக்கிழமை திருத்திக் கொடுத்ததே நஸீறாதான்.

தேநீர் நேரத்தில் குணதாச நஸீறாவோடு மூலையில் நின்று கதைத்தார். இருவரும் ஒருதரம் அவள் பக்கம் திரும்பினார்கள். ஜெகதீஸ்வரி அம்மாவுக்கு மூன்று முறை கோல் எடுத்தாள். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. போய்விடலாம் என்று எழுந்து, போனால் சந்தேகம் வருமென்று மறுபடி உட்கார்ந்தாள்.

நான்கு மணிக்கு வகுப்பு கலைந்தது.

"ஜெகதீஸ்வரி, நீங்க கொஞ்சம் நில்லுங்க."

கடைசி ஆளும் போனதும் நஸீறா கதவைச் சாத்தினார்.

"ரூமுக்குள்ள ஆரு?"

"ஒருத்தரும் இல்லை, மிஸ்."

"காலையில ஏழு, பகல் ஒண்டு, ராவைக்கு எட்டு. மூணு நேரமும் கதவு தெறந்து சூடு கொஞ்சம் எறங்குது. நீங்க சாப்பாடு குடுக்கிறீங்க."

ஜெகதீஸ்வரிக்கு அழுகை முட்டியது.

"என்ர அண்ணா, மிஸ். வன்னியில இருந்து வந்தவர். பொலிஸ் பதிவு எடுக்கேலாது, பதியப் போனாப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். ஒரு பிழையும் செய்யாத மனிசன். மூண்டு மாசமா அந்த ஜன்னலைத் திறக்கேல்லை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், மிஸ்..."

"குணதாச திருப்பியும் கேட்டாரு. குசினிண்டுதான் சொன்னேன்." நஸீறா கணினியில் அவளுடைய கோட்டைத் தேடி அழித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பகல் மூணு மணிக்கு முப்பத்தேழு பாகை. வருஷத்துக்கு வருஷம் இன்னம் கூடும்ண்டு இங்க நின்னு படிப்பிக்கிறேனே, ஒங்களுக்கு வெளங்கலயா? பொலிஸ் வாறதுக்கு முந்தி அந்த ரூமே ஆளக் கொன்னுடும்."

ஒரு வெற்றுத்தாளில் விறுவிறுவென்று வரைந்தார். ரயில் பாதைப் பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, நான்கு செங்கல் கழற்றிய துவாரம். வெளியே மழைநீர்க் குழாய் அதை மறைக்கும். கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி. சூடு மேலால் போகும், காற்று கீழால் வரும்.

ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். வரைஞர் புத்தி விழித்துக்கொண்டது.

"ஓட்டை வைச்சா சத்தம் வெளியில போகுமே, மிஸ்? அண்ணாக்கு இருமல்."

"துவாரத்துக்கு உள்பக்கமா தென்னந்தும்புப் பலகைய வளைச்சு வைங்க. காத்துப் போகும், சத்தம் போகாது."

"நிச்சயமாவோ, மிஸ்?"

நஸீறா தாளை நான்காக மடித்து அவள் கைக்குள் வைத்து, விரல்களையும் மூடிவிட்டார்.

"எங்கட வீட்டுல பூட்டின ரூம்ல ஒளிஞ்சி ஈக்கிறவரு ஒரு வருஷமா இருமுறாரு, இன்னம் ஒத்தருக்கும் கேக்கல்ல."