மூக்கில் வளர்ந்த சதை

"ஐயா, எம்புருசன் மூக்குச் சதையை மட்டும் எடுத்துடாதீங்க."

மருந்து கலக்கிக்கொண்டிருந்த, தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிரசர் ராஜசேகரன் நிமிர்ந்து பார்த்தார். கோத்தா திங்கி ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். புருஷன் குணமாகக் கூடாதென்று கேட்டு வந்தவள் காளியம்மா ஒருத்திதான். அதையும் உள்ளே வராமல் வாசலோடு நின்றே கேட்டாள்.

"அர்ச்சுனனுக்கா? ஏன்மா எடுக்கக் கூடாது?"

"நேத்து அவரு இங்க வந்துட்டுப் போனதைப் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா பார்த்திருக்கு. அவரு என்கிட்ட மூச்சு விடலை. அந்தச் சதை எப்படிங்கய்யா வளருது? எடுத்தா வாசனை தெரிஞ்சிடுமா?"

"தீராத சளி இருந்தா மூக்குக்குள்ள சவ்வு வீங்கி, நீர் கோத்து, உரிச்ச ரம்புத்தான் பழம் மாதிரி தொங்கும். வாசனை போக வழி இருக்காது. எடுத்துட்டாத் தெரியும். காதுல ரொம்ப நாள் சீழ் வடிஞ்சாலும் அதே மாதிரி சதை வளரும்."

காது என்றதும் காளியம்மா முந்தானையை இடக்காதின்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். ஏழு வயதில் ஒழுகத் தொடங்கிய காது. வேப்பெண்ணெய், பூண்டுச் சாறு என்று ஊற்றாதது இல்லை, நாற்றம் போனபாடில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில்கூடப் பெண்கள் நாலடி தள்ளித்தான் நிற்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் பிறந்த மூவார் பக்கத்துத் தோட்டத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

"இவரு ஒருத்தருதான் குடிச்சாருங்க. 'எனக்கு மூக்குல சதை, ஒரு வாசனையும் தெரியாது'ன்னாரு. அந்தச் சதை புண்ணியத்துலதான் ஆறு வருசமா நான் வாழ்றேன். ஒரே பாயில படுக்கிறோம், ஒரே தட்டுல சாப்பிடுறோம். நாத்தம் தெரிஞ்சா அவரு மட்டும் கூட இருப்பாரா? அவரையும் விட்டா எனக்கு யாருங்கய்யா இருக்கா?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பாவம், இத்தனை நாளாக இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ராஜசேகரன் மருந்துக் குப்பியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உள்ள வந்து உக்காரு. காதைக் காட்டு. நேத்து அவன் வந்தது உன் காதுக்கு வைத்தியம் உண்டான்னு கேக்கத்தான்."

"அப்ப அவரு மூக்கு?"

"நான்தானேம்மா அவனை ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்," என்றார் ராஜசேகரன். "உன்னைப் பொண்ணு பார்க்க வர்றதுக்கு முந்தின மாசமே சதையை எடுத்தாச்சு. வாசனையெல்லாம் அப்பவே நல்லாத் தெரிய ஆரம்பிச்சிடுச்சே!"