மரபுப்படி தள்ளிய கார்

மனித குலத்தின் வாகன வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று சென்ற செவ்வாய்க்கிழமை சிங்காநல்லூரில் நடந்தது. தணிகாசலத்தின் எழுபது வயதுக் கார், சாவியைத் திருகியதும் கிளம்பிவிட்டது.

பீரோத் தகட்டில் கதவும் வீட்டுத் திரைச்சீலையில் சீட் உறையுமாக, சிக்கனமாகவே அதற்கு உயிர் கொடுத்திருந்தார். கார்களெல்லாம் தாமே ஓடிக்கொள்ளும் காலம் இது. ஆள் ஓட்டும் காருக்கு மரபுச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் நசுக்கும் ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

சான்றிதழ் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "பீரோத் தகடு ஓகே சார். அந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தான் ஒட்டுப்போட்டாங்க. ஆனா தள்ளாம கிளம்புதே! இது மரபு மீறல். வெள்ளிக்கிழமை வர்றேன், சரி பண்ணி வையுங்க."

"நல்லா ஓடற இன்ஜினை நானே கெடுக்கறதா? வண்டி நசுங்கினாலும் மாட்டேன்" என்று தணிகாசலம் கொதித்தார்.

"ஏனுங்க, இன்ஜினுக்கு முன்னாடி நீங்க சூடாயிடறீங்க. ஒண்ணையும் தொட வேண்டாமுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் மனைவி சுலோசனா.

வெள்ளியன்று சாவியைத் திருகத் திருக, கார் இருமியதே தவிரக் கிளம்பவில்லை. தணிகாசலத்தின் முகம் செத்துவிட்டது. அதிகாரியின் முகமோ மலர்ந்தது. "நானும் ஒரு கை போடட்டுங்களா?" என்று சட்டையை மடித்துக்கொண்டு தெருமுனை வரை தள்ளினார். அப்போதும் கிளம்பவில்லை. "இதுவல்லவா மரபு!" என்று கண் கலங்கி, முதல் தரச் சான்றிதழை அங்கேயே வழங்கினார்.

அவர் போனதும், குளியலறையில் மூடி வைத்திருந்த பெட்ரோலைச் சுலோசனா திரும்ப டாங்கில் ஊற்றினார்.