கட்டியின் எடை

"ஒரே ஒரு முட்டை. வெள்ளைக்கரு மட்டும் போதும், தாயே" என்று கெஞ்சினான் கணவன்.

"மூச்! அதுல இருக்கற அமினோ அமிலம்தான் உங்க வயித்துக் கட்டிக்குத் தீனி. அதைக் குறைச்ச எலிகளுக்கெல்லாம் கட்டி பாதியா சுருங்கிடுச்சு. தராசுல நிறுத்துப் பார்த்தது நான்தானே?"

ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. மூன்று மாதமாக வீட்டில் பருப்பு, பால், மீன் எதுவும் இல்லை. அவன் கஞ்சித் தெளிவைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"உன் எலிங்கல்லாம் சௌக்கியமா?"

"பேச்சை மாத்தாம குடிங்க."

மறுநாள் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "கட்டி முன்னைவிடச் சின்னதாயிருக்கு" என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ ஆபரேஷன் எப்போ டாக்டர்?"

டாக்டர் அவனுடைய புஜத்தைச் சுற்றிப் பிடித்தார். அவருடைய கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொண்டன.

"கத்தி வைக்க உடம்பு வேணுமேம்மா. சதையெல்லாம் கரைஞ்சு போச்சு, இனி தாங்கமாட்டார். இவர் சாப்பிடவே இல்லையா?"

அவள் தராசில் வைத்ததெல்லாம் கட்டிகளை மட்டும்தான். எலிகள் அவள் மேசைக்கு வரும்போதே செத்திருக்கும். அவற்றின் உடல் எடையை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அவள் வாய் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

"இவ எவ்வளவோ கெஞ்சினா டாக்டர். எனக்குத்தான் பசியே இல்ல."