இறாலின் மீசை

கடலடி மணலில் வளை தோண்டுவது கண் மங்கிய ஓர் இறால். வாசலில் காவல் நிற்பது விரல் நீள மீன். மண்ணைத் தள்ள வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசை நுனியை மீனின் மேல் வைத்துக்கொள்ளும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் உள்ளே போய்விடும். பாசி எடுக்க முங்கும்போதெல்லாம் நம்புத்தாய் அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். இந்த வருஷம் வளையே தெரியவில்லை. கண்ணில் புகை படர்வதை அவள் யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் படகில் ஏற்றமாட்டார்கள். முன்னால் நீந்தும் நாத்தனார் சேதம்மாளின் சிவப்புச் சட்டையைப் பார்த்தே போய்வந்தாள்.

இன்று கடல் கலங்கி, அந்தச் சிவப்பும் மறைந்தது. கழுத்தளவு நீரில் திசை தெரியாமல் நின்றாள்.

“இந்தாங்க மதினி, பிடிங்க.” சேதம்மாள் சட்டை நுனியை அவள் கையில் திணித்தாள்.

“எதுக்குடி? எனக்கென்ன கண்ணு தெரியலையா?”

“தெரியுது, தெரியுது. நேத்து என் சடையப் பாசின்னு பிய்ச்சீகளே!”

நம்புத்தாய் குரலைத் தாழ்த்தினாள். “படகுல சொல்லிட்டியா?”

“சொல்லிட்டு நான் என்ன செய்ய? பாறைச் சந்துல கைவிட எனக்குப் பயம். உங்க கை இல்லாட்டி என் சாக்கு நெறையுமா?”

படகிலிருந்து படகோட்டி கருமலையான் கத்தினான். “என்ன, ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நிக்கிறீக?”

“குளுருதுண்ணே!” என்றாள் சேதம்மாள்.

இருவரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை நம்புத்தாய் ஒரு விரலில் மட்டும் அவிழ்த்துவிட்டு, அந்த விரல் நுனியைச் சேதம்மாளின் சட்டையின் மேல் வைத்தாள்.