ஒதுக்கிய இடம்

அந்த பஸ் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைகளும் ஒரே வரிசையில்தான் நின்றன. மாத அறிக்கை உள்ளே போனால் லேசில் வெளியே வராது. பின்னால் நிற்கும் டிக்கெட்டுகள், "சீக்கிரம் அண்ணே, பஸ் கிளம்பப் போகுது!" என்று கத்தும். கவுண்டரில் கூச்சல் கிளம்பியதும் ஆபரேட்டர் பிலோமினா அறிக்கையைப் பாதியிலேயே நிறுத்திவிடுவாள். பாவம், அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒருநாள் பிலோமினா அதை மட்டும் வேறொரு வரிசைக்கு மாற்றினாள். அங்கே ஈ காக்கா இல்லை.

"என்னை ஒதுக்கிட்டாங்க" என்று விம்மியது அறிக்கை.

"ஒதுக்கித்தான் இருக்காங்க, உன்னை இல்ல" என்றது புது வரிசை. "இந்த இடத்தை, உனக்குன்னு."

அறிக்கை திரும்பிப் பார்த்தது. பின்னால் கத்த ஒருவரும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக மாதக் கணக்கைக் கூட்ட ஆரம்பித்தது.

பக்கத்து வரிசையில் டிக்கெட்டுகள் சிட்டாய்ப் பறந்தன. அதில் ஒரு குட்டி டிக்கெட் போகிற போக்கில் எட்டிப் பார்த்தது. "அண்ணே, இன்னும் முடியலையா?"

"முடியல தம்பி. நீ ஓடு, பஸ் நிக்குது" என்றது அறிக்கை, முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே.