புது மாடல்

கதவைத் திறந்து உள்ளே கால் வைத்த பஞ்சு அப்படியே நின்றுவிட்டான். ஹாலின் நடுவில் ஒரு மனிதர் இரண்டு கைகளையும் காற்றில் வீசிக்கொண்டிருந்தார்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெட்டி, தலையைச் சுற்றி அகலமான பட்டை. விஆர் ஹெட்செட். பஞ்சுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவனுடைய மச்சான் வீட்டிலும் அது ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பிடிக்கப் பாய்ந்தவன், பீரோவில் மோதி முன்பல்லை உடைத்துக்கொண்டான். போட்டுக்கொண்டால் வேறு உலகம்தான். பக்கத்தில் யானை வந்து நின்றாலும் தெரியாது.

இந்த வீட்டுக்காரர்கள் காலையில் பெட்டியும் கையுமாக டாக்ஸி ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் பஞ்சு வந்திருந்தான். ஒருத்தர் மட்டும் தங்கிவிட்டார் போலிருக்கிறது. போகட்டும், பாவம், விளையாடட்டும்.

நடந்தால் சத்தம் கேட்காது என்பதால்தான் தொழிலில் அவனுக்கு அந்தப் பெயர். சுவரோரமாக நகர்ந்து படுக்கையறைக்குள் போனான். தலையணை உறைக்குள் பீரோ சாவி. நகைப் பெட்டி, கைக்கடிகாரங்கள், வெள்ளி டம்ளர்கள், மேசைமேல் இருந்த லேப்டாப். பரண்மேல் கிடந்த பயணப் பை ஒன்றிலேயே எல்லாவற்றையும் துணி சுற்றி அடுக்கினான். பொருள் நசுங்கக் கூடாது என்பதில் அவன் கறார்.

திரும்பி வரும்போது அந்த மனிதர் விட்ட குத்து ஒன்று அவன் மூக்கை உரசிக்கொண்டு போனது. குனிந்து தப்பித்தான். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

வாசற்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"லேப்டாப் எடுத்தீங்க, சரி. சார்ஜர் வேண்டாமா?"

பஞ்சுவின் கையிலிருந்து பை நழுவியது. அவர் கைவீச்சை நிறுத்தியிருந்தார். பெட்டி மட்டும் இன்னும் முகத்திலேயே இருந்தது.

"சார்... உங்களுக்குக் கண்ணு தெரியுதா?"

"இது புது மாடல்ப்பா. முன்னாடி பாரு, பொட்டுப் பொட்டா இருக்கில்ல? அத்தனையும் கேமரா. போட்டவன் எல்லாம் சோபாவுல தடுக்கி விழுந்தான்னு கம்பெனிக்காரன் வெச்சுட்டான். வெளியில நடக்கறது உள்ள பளிச்சுனு தெரியுது. நீ கதவத் தொறந்ததுலேர்ந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"படமும் புடிச்சிருக்குமா சார்?"

"புடிக்காம?"

பஞ்சு தடாலென்று அவர் காலில் விழுந்தான். "போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க சார். போன மாசந்தான் வெளிய வந்தேன்."

அவர் குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். "புள்ள குட்டி இருக்கா?"

"ஒரு பொண்ணு சார். நான் கூரியர் கம்பெனியில வேலை பார்க்கறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

"அப்ப நெஜமாவே போய்ச் சேர்ந்துடேன். கை சுத்தமா இருந்தா ராத்திரி தூக்கம் வரும்ல?"

போலீஸ் ஸ்டேஷனில் அடித்திருக்கிறார்கள், கோர்ட்டில் திட்டியிருக்கிறார்கள். இப்படி அமைதியாக யாரும் அவனிடம் சொன்னதில்லை.

"பையை இங்கயே வெச்சுட்டுப் போ. நான் உன்னைப் பார்க்கவே இல்லன்னு வெச்சுக்கறேன்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "ஆமா, பீரோ சாவி எங்க கெடைச்சுது உனக்கு?" என்றார்.

"உங்க தலையணை உறைக்குள்ளதான் சார்."

"அங்கயா இருக்கு? தேடித் தேடி அலுத்துப்போச்சு." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, கெளம்பு. அக்கம்பக்கத்துல யாரும் பார்க்கறதுக்குள்ள போயிடு."

பஞ்சு சட்டைப் பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து, அதையும் பைக்குள் போட்டான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான்.

தெருவுக்கு வந்ததும் பூட்டுத் திறக்கும் கம்பிகளைச் சாக்கடையில் எறிந்தான். முனையில் இருந்த கூரியர் ஆபீஸில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. எத்தனையோ முறை அதைக் கடந்து போனவன், இன்றைக்கு நின்றான். தலையைக் கையால் கோதிக்கொண்டு உள்ளே நுழைந்தான். இந்த உலகத்தில் இன்னும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று மகளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மாடி ஜன்னலில் நின்று, அவன் தெருமுனையில் மறைவதைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் ஹெட்செட்டைக் கழற்றினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"வண்டியைப் பின்பக்கம் கொண்டு வாடா, நமக்குத் தேடற வேலையே இல்ல, ஒரு புண்ணியவான் எல்லாத்தையும் மூட்டை கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான்."